வேலையிடப் பாரபட்சமும் அதை வழக்காக்கும் சட்டத்தரணியும்

"விற்பனைக்குப் பெண் பிள்ளைகள் தேவை. வயது 18 – 25. திருமணமாகாதவர்கள் மட்டும்." மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடைக் கண்ணாடிகளில் இப்படி ஒரு தாளைக் காணாமல் பிரதான வீதியைக் கடப்பது கடினம். பால், வயது, திருமணம் என்று மூன்று வகையில் ஆட்களைக் கழித்துவிடும் அறிவித்தல் இது. இதற்கு எதிராக வழக்குப் போட முடியுமா என்று சட்டம் படிக்க விரும்பும் பிள்ளை ஒன்று கேட்டால், அநேகமாக முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். இதே தாளை ஓர் அரச திணைக்களம் ஒட்டியிருந்தால் பதில் மாறிவிடும்.

ஏன் மாறுகிறது என்று விளங்கிக்கொண்டால், வேலையிடப் பாரபட்ச வழக்குகளை எடுக்கும் சட்டத்தரணியின் தொழில் பாதி விளங்கிவிடும். இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் கதை. அங்கே 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்தும். முறைப்பாடுகளை ஏற்கத் தனியாக ஓர் ஆணைக்குழுவும் உண்டு. அந்த வழக்குகளை மட்டுமே நடத்திப் பிழைக்கும் சட்டத்தரணிகள் அங்கே ஏராளம். இலங்கையில் அரசு, தனியார் இரண்டுக்கும் பொதுவாக வேலையிடப் பாரபட்சத்தைத் தடைசெய்யும் ஒற்றைச் சட்டம் கிடையாது. வேலையிலும் தொழிலிலும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிற சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆம் இலக்க உடன்படிக்கையை 1998இல் ஏற்றுக்கொண்ட நாடு இது என்பதை நினைக்கும்போது, இந்த வெற்றிடம் வெட்கப்பட வேண்டிய ஒன்று. நமக்கு இருப்பவை துண்டு துண்டான சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு மன்று, வேறு காலக்கெடு, வேறு வகைச் சாட்சியம். எனவே இங்கே இந்தத் துறைச் சட்டத்தரணியின் முதல் திறமை, வந்திருக்கும் குறையை எந்த மன்றுக்கு, எத்தனை நாளைக்குள் கொண்டுபோவது என்று சரியாகத் தீர்மானிப்பதே. பிழையான மன்றில் போட்ட நல்ல வழக்கு, கல்முனை பஸ்ஸில் ஏறிவிட்டு வாழைச்சேனை எப்போது வரும் என்று கேட்பதைப் போன்றது.

அதற்கு முன், எது பாரபட்சம்? முதலாளி எல்லோரிடமும் எரிந்து விழுகிறார் என்றால் அவர் கெட்ட முதலாளி, அவ்வளவுதான். ஒரே நிலையில் இருக்கும் இருவரை வேறுவேறாக நடத்தி, அதற்கான காரணம் செய்யும் வேலையோடு தொடர்பில்லாததாக இருக்கும்போதுதான் சட்டம் காது கொடுக்கத் தொடங்குகிறது. பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் ஒரே தகைமையும் ஒரே சேவைக்காலமும் உள்ள இருவரில் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது, மற்றவருக்கு அவரது ஊரோ மதமோ பாலோ தடையாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணி தேடுவது அந்த 'மற்ற ஒருவரை'. ஒப்பிட ஆள் கிடைக்காத முறைப்பாடு பெரும்பாலும் நொண்டும். 1985இல் பெரேரா எதிர் ஜயவிக்ரம வழக்கில், தன்னைப் போன்ற நிலையில் இருந்த பிறர் வேறுவிதமாக நடத்தப்பட்டதைக் காட்ட வேண்டும் என்ற கண்டிப்பான நிலைப்பாட்டையே உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதியரசர்கள் எடுத்தார்கள். பின்னாளில் வந்த தீர்ப்புகள், அதிகாரத்தைத் தன்னிச்சையாகப் பயன்படுத்துவதே சமத்துவத்தை மீறுவதாகும் என்று கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டன. ஆனாலும் ஒப்பிட ஒருவரைத் தேடும் பழக்கத்தை எந்த அனுபவசாலியும் கைவிடுவதில்லை.

அரச ஊழியருக்கு ஒரு மாதம்

அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையில்தான் அரச ஊழியரின் பலம் இருக்கிறது. 12(1) எல்லோரையும் சட்டத்தின் முன் சமமாக்குகிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. கிழக்கில் நாம் அதிகம் பேசுவது இனத்தையும் மதத்தையும். ஆசிரியை ஒருவர் அபாயா அணிந்து பாடசாலைக்கு வருவது பற்றி 2018இல் திருகோணமலையில் எழுந்த பிணக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பின்னர் நீதிமன்றத்துக்கும் போனதை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. ஆனால் நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு என்று வரும்போது, யாருக்கு வாக்குக் கேட்டார் என்பதும் எந்தப் பிரதேசத்தில் பிறந்தார் என்பதும் சத்தமில்லாமல் வேலை செய்வது உண்டு. பட்டியலில் அவையும் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த உரிமையை நிறைவேற்று அல்லது நிருவாகச் செயல் ஒன்று, அதாவது அரசின் செயல் ஒன்று, மீறினால், 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்யலாம். 'நிறைவேற்று அல்லது நிருவாகச் செயல்' என்ற அந்தச் சொற்கள்தான் தனியார் கடை முதலாளியை வெளியே நிறுத்துகின்றன. இன்னொரு சிக்கல், கால எல்லை ஒரே ஒரு மாதம். சேவை மூப்பில் கீழே இருப்பவருக்கு அதிபர் பதவி போய்விட்டது என்று ஓர் ஆசிரியர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு மேன்முறையீட்டுக் கடிதம் கொடுத்து, "பார்க்கலாம் சேர்" என்ற பதிலை நம்பி மூன்று மாதம் காத்திருந்தால், வழக்கு அங்கேயே செத்துவிடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு மூச்சுவிடும் இடம் தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்று இடங்களிலும் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் உண்டு. முறைப்பாடு கொடுத்த ரசீதை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கேட்ட சந்தர்ப்பங்களும் உள்ளன. அதனால் விவரமறிந்த சட்டத்தரணி ஆணைக்குழுவிடமிருந்து ஒரு கடிதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்.

சாட்சியம் திரட்ட 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல ஆயுதம். நேர்முகப் பரீட்சைப் புள்ளிகளையும் நியமனப் பட்டியலையும் கேட்கலாம். தருவதா இல்லையா என்று சொல்லவே அலுவலகத்துக்கு 14 வேலை நாட்கள் அவகாசம் உண்டு என்பதால், பதில் கைக்கு வருமுன் மாதம் முடிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்தையும் மனுவையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

மனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் தயாராகும். கட்சிக்காரர் திருக்கோவிலிலோ வெல்லாவெளியிலோ தமிழில் மட்டும் வாழ்பவராக இருக்கலாம். அவர் கையெழுத்திடும் சத்தியக்கடதாசியை வரிவரியாகத் தமிழில் வாசித்து விளக்கிய பிறகே சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் கையொப்பம் பெற வேண்டும். இந்த வேலையை அவசரத்தில் செய்தால், ஆசிரியர் ஒருபோதும் சொல்லாத திகதி ஒன்று அவர் பெயரிலேயே சத்தியம் செய்யப்பட்டுவிடும். பிறகு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் விடிந்ததும் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் நிற்க வேண்டும். மனுவை முழுமையாக விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் முதலில் 'மேற்செல்ல அனுமதி' கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்திலேயே விழுந்துபோகும் மனுக்கள் பல. சட்டப்படி எல்லோரும் ஒரே வகைச் சட்டத்தரணிகள்தான் என்றாலும், நடைமுறையில் ஊர்ச் சட்டத்தரணி வழக்குக் கட்டைத் தயாரித்துக் கொடுக்க, வாதாடுபவர் கொழும்பில் ஒரு சிரேஷ்டராக இருப்பது வழக்கம்.

சமத்துவ உறுப்புரை எப்போதும் நலிந்தவர் கையில்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2020இல் இலங்கைப் பொலிஸில் முதன்முதலாகப் பெண் ஒருவர் பிரதிப் பொலிஸ்மா அதிபரானார். அந்தப் பதவி பெண்களுக்கென்று விதிகளில் குறிப்பிடப்படவில்லை என்று வாதிட்டு, ஆண் அதிகாரிகள் பலர் 2021இல் இதே 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போனார்கள்.

தனியார் ஊழியரின் வழி

தனியார் துறையில் 'பாரபட்சம்' என்ற தலைப்போடு வழக்குப் போட முடியாது. வேலையை இழந்த பிறகுதான் கை கொடுக்கும் சட்டங்கள் அதிகம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலை நீக்கப்பட்ட தொழிலாளி ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆளை நிறுத்துவதற்குத் தொழில் ஆணையாளரின் அனுமதியோ ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பாரபட்சம் இந்த வழக்குகளுக்குள் ஒளிந்துதான் வரும். எப்படி வருகிறது என்பதை ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துப் பார்க்கலாம்.

நிதி நிறுவனம் ஒன்றின் கிளையில் ஆறு வருடம் காசாளராக இருந்த பெண். ஐந்தாம் மாதக் கர்ப்பம். முகாமையாளர் அறைக்குள் கூப்பிட்டு, "பிள்ளை, இந்த நிலையில் உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். இதில் ஒரு கையெழுத்து வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு திரும்ப எடுக்கலாம்" என்கிறார். தாளில் இருப்பது ஆங்கிலம். கையெழுத்து வைத்துவிடுகிறார். குழந்தை பிறந்து கேட்டால், இடமில்லை என்கிறார்கள். தாயையும் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் வருகிறார்.

தாய் முதலாளியின் அநியாயத்தைத்தான் முதலில் சொல்வார். "மிஸ், இவள் ஒருநாள் கூட லீவு எடுத்ததில்லை." சட்டத்தரணி தலையாட்டிவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "கையெழுத்து வைத்தது எத்தனையாம் திகதி மகள்?" ஆறு மாதம் தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் வேலை போய், குழந்தை பிறந்த பிறகு வந்திருக்கிறார் என்றால் ஏற்கெனவே நான்கு, ஐந்து மாதம் ஓடியிருக்கும். அவகாசம் நூலிழையில் இருக்கிறது. அடுத்து, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதி அறிக்கை, முகாமையாளரின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்பார். குரல் பதிவுகளை அழித்துவிட வேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம் என்பார். கடைசியாக, அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார், எப்போது வந்தார் என்று விசாரிப்பார். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலை நீக்குவது சட்டவிரோதம். தொழிற்சாலைப் பெண்ணுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டமும் பொருந்தும். 2018இல் செய்த திருத்தங்களுக்குப் பிறகு, எத்தனையாவது குழந்தை என்றாலும் 84 நாள் விடுமுறை உண்டு.

நிறுவனத்தின் பதில் எப்படி வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான்: நாங்கள் நீக்கவில்லை, அவரே விலகினார். இந்தப் பதிலில் ஒரு தந்திரம் இருக்கிறது. நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால் அதற்கான நியாயத்தை அவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். நீக்கவே இல்லை என்றால், நீக்கப்பட்டேன் என்று நிரூபிக்கும் சுமை ஊழியரின் தலையில் விழும். ஆகவே வழக்கின் உயிர் குறுக்கு விசாரணையில் இருக்கிறது.

"இந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தது யார்?"

"எங்கள் அலுவலகத்தில்தான்."

"விலகுகிற ஊழியரின் கடிதத்தை அலுவலகம் எதற்குத் தட்டச்சுச் செய்கிறது?"

"அவர் கேட்டுக்கொண்டார்."

"ஆறு வருடத்தில் அவர் உங்களுக்குக் கொடுத்த லீவு விண்ணப்பங்கள் எந்த மொழியில் இருக்கின்றன?"

"தமிழில்."

"ஆங்கிலத்தில் ஒன்றாவது?"

"இல்லை."

கர்ப்பம் என்ற சொல் இன்னும் வரவே இல்லை. ஆனாலும் கடிதம் யாருடைய கடிதம் என்பது சபைக்குத் தெரிந்துவிட்டது. தொழில் நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் ஒவ்வொரு விதிக்கும் கட்டுப்பட்டதல்ல. 'நீதியும் ஒப்புரவும்' எனக் காணும் கட்டளையை அது ஆக்கலாம். மீண்டும் வேலை, நிலுவைச் சம்பளம், அல்லது வேலைக்குப் பதிலாக நட்டஈடு கிடைக்கலாம். அதிருப்தியடைந்தவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்கும் மேன்முறையீடு செய்யலாம். கூடுதலாக நடப்பது சமரசம். ஒரு தொகையும் சேவைச் சான்றிதழும் கொடுத்து முடிப்பார்கள். படுவான்கரையிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வரும் பெண்ணிடம், கொள்கைக்காகக் கடைசிவரை போராடு என்று சொல்ல எந்தச் சட்டத்தரணிக்கும் உரிமை இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சமரசப் பத்திரத்தில் கர்ப்பம் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. இவ்வகை வழக்குகள் எத்தனை நடக்கின்றன என்பது வெளியே தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறு சில வழிகளும் உண்டு. வேலையிடத்தில் அதிகாரம் உள்ளவர் செய்யும் பாலியல் தொந்தரவு, 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அது பொலிஸுக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கும் போகும். மாற்றுத்திறனாளியின் நிலை வினோதமானது. வேலைக்குச் சேர்க்கும்போதே பாரபட்சம் காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவருக்கு மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறது. தனியார் நிறுவனத்துக்கு எதிராகவும் அவர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். ஷெல்லில் காலை இழந்தவர்களும் கண்ணை இழந்தவர்களும் இத்தனை பேர் வாழும் ஒரு மாகாணத்தில் இந்தச் சட்டத்தின் பேச்சு காதில் விழுவதே அபூர்வம். அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்கும் அதே கதிதான். தொழில் தொடங்கும் இளைய சட்டத்தரணி ஒருவருக்கு உழ ஆளில்லாமல் கிடக்கும் வயல் இது.

சட்டத்தரணி ஆவது

பாதை இரண்டு. ஒன்று, 1874இல் தொடங்கப்பட்ட இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை. மொழித் தேர்ச்சிக்கு ஒரு தாள், பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் ஒரு தாள். உயர்தரத்தில் கலைப் பிரிவில்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. மற்றது கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் அல்லது திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்று, பிறகு சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சைகளை எழுதுவது. இரண்டிலும் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிற்சி, அதன் பின் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதிகளை 2023இல் பாராளுமன்றம் தோற்கடித்தது. தமிழில் எழுதும் வழி அதனால் திறந்தே இருக்கிறது. ஆனால் இந்தத் துறைக்கு வருகிறவர் ஆங்கிலத்தைத் தள்ளிவைக்க முடியாது. தொழில் நியாய சபையில் தமிழில் பதிவான சாட்சியம் மேன்முறையீட்டோடு கொழும்புக்குப் போகும்போது ஆங்கிலமாகும். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு 'அல்ல' விழுந்துவிட்டால் கட்சிக்காரர் சொன்னதே தலைகீழாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மொழியும் தெரிந்த கண் வேண்டும். சிங்களமும் தெரிந்தால் அம்பாறை நகரத்திலும் தொழில் செய்யலாம்.

வருமானத்தையும் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பாரபட்ச வழக்குகளை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. வேலையை இழந்தவரிடம் கட்டணம் கொடுக்கப் பணம் இருக்காது. காலையில் பிணை மனு, பராமரிப்பு வழக்கு, பின்னேரம் காணி உறுதி என்று மற்றவை அடுப்பை எரிக்க, இவை நடுவில் ஓடும். சட்ட உதவி ஆணைக்குழுவில் இணைந்தோ பெண்கள், தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்தோ வேலை செய்பவர்கள் இந்த வழக்குகளை அதிகம் காண்பார்கள். முதலாளிமாருக்காகத் தோன்றுவதும் இதே துறையின் ஒரு பகுதிதான், அதில் காசும் கூட. பதவி உயர்வு விதிகளை ஒழுங்காக எழுதிக் கொடுத்து, கர்ப்பிணியை நீக்காதே என்று நேரத்தோடு எச்சரிக்கும் நிறுவனச் சட்டத்தரணி பத்து வழக்குகளை வராமலே தடுத்துவிடுகிறார். அதை இளக்காரமாக நினைக்க எதுவும் இல்லை.

ஊர் சிறியது என்பதே பெரிய சோதனை. ஏறாவூரில் நீங்கள் குறுக்கு விசாரணை செய்த முகாமையாளர் அடுத்த கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் இருப்பார். கட்சிக்காரியின் தொந்தரவு முறைப்பாடு வழக்குக்கு வருமுன் சந்தைக்கு வந்துவிடலாம். அலுவலகத்தில் கோப்புகளைப் பூட்டி வைப்பதையும், எழுதுவினைஞரை வாயடக்கத்தோடு பழக்குவதையும் எந்தச் சட்டப் புத்தகமும் கற்றுத்தராது. நல்ல சிரேஷ்டர் ஒருவரிடம் பயிற்சிக்குப் போகும்போது இதைத்தான் கவனிக்க வேண்டும்.

அங்கே உங்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் திகதிக் கோவை தயாரிப்பதாக இருக்கும். கட்சிக்காரரின் பொலித்தீன் பையிலிருந்து கடிதங்களைக் கொட்டி, நியமனம், சம்பள உயர்வு, விளக்கம் கோரிய கடிதம், நீக்கம் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நாளில் மற்ற ஊழியருக்கு என்ன நடந்தது என்று இரண்டாவது நிரலில் எழுத வேண்டும். அந்த இரண்டாவது நிரல் வெறுமையாக இருந்தால் சிரேஷ்டர் தாளைத் திருப்பித் தருவார். கட்சிக்காரருக்கு மறுபடி போன் எடுத்து, "அண்ணை, உங்களோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர்கள் யார் யார்?" என்று அடியிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.